தின்ற சோறு உடம்பில் ஒட்டாத நோய்! – மருந்து கண்ட டாக்டர் சுப்பாராவின் கதை

நெய்வேலியில் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. ராட்சத இயந்திரங்கள் அதை வெட்டி எடுக்கின்றன. நீண்ட ரப்பர் பட்டைகள் அதை அனல் மின் நிலையத்துக்குச் சுமந்து செல்கின்றன. அங்கே அது பொடியாகிறது, எரிகிறது. தண்ணீர் நீராவியாகிறது. நீராவி சக்கரத்தைச் சுழற்றுகிறது. மின்சாரம் பிறக்கிறது.

சுரங்கத்தில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவர், இடைவேளையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கிறார். சோறு, சாம்பார், கொஞ்சம் கீரை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மீண்டும் வேலைக்குப் போகிறார்.

அவருடைய வயிற்றுக்குள்ளும் ஒரு நெய்வேலி இருக்கிறது!

அங்கேயும் அரைவை நடக்கிறது. அங்கேயும் பட்டை ஓடுவது போலச் சரக்கு நகர்கிறது. அங்கேயும் எரிப்பு உண்டு, சாம்பல் உண்டு. கடைசியில் அங்கேயும் ஒரு சக்தி பிறக்கிறது. அந்தச் சக்தியினால்தான் கை தூக்குகிறது, கால் நடக்கிறது, இதயம் துடிக்கிறது.

பட்டை அறுந்துவிட்டால் என்ன ஆகும்? சுரங்கம் நிறைய நிலக்கரி இருந்தும் மின் நிலையம் இருண்டுவிடும்.

மனித உடம்பிலும் அப்படி ஒரு நோய் உண்டு. சாப்பாடு உள்ளே போகும், உடம்பில் ஒட்டாது. வயிறு நிறையச் சாப்பிட்டும் மனிதன் எலும்பும் தோலுமாகிச் சாவான்.

அந்த நோய், ஒரு குடும்பத்தில் சகோதரர் இருவரைக் கொன்றது. மூன்றாமவரையும் பிடித்தது. அவர் பிழைத்தார். கடல் கடந்து போனார். அந்த நோய்க்கு மருந்து கண்டார்.

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

காசிக்கு ஓட்டம்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் ஆந்திராவில் இருக்கிறது. அன்று அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது.

தந்தை ஜகந்நாதம். தாய் வெங்கம்மா. ஏழு குழந்தைகள். வருமானம் போதாத வீடு.

பள்ளிக்கூடம் சுப்பாராவுக்குப் பிடிக்கவில்லை. பணம் சம்பாதிக்க வேண்டும் என்பதே ஆசை. 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகிவிடுவது என்று திட்டம்! காசியைப் பார்ப்பதற்கு முன்பே பிடிபட்டார். தாய் அவரைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதினார். தேறவில்லை. மறுபடியும் எழுதினார். மறுபடியும் தேறவில்லை. இடையில் தந்தையும் காலமானார்.

வேறு ஒரு தாயாக இருந்தால், படித்தது போதும் என்று ஏதாவது வேலைக்கு அனுப்பியிருப்பார். வெங்கம்மா அப்படிச் செய்யவில்லை. நகைகளை விற்று, மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது தடவையில் சுப்பாராவ் தேறினார்.

பிறகு மாநிலக் கல்லூரியில் படிப்பு. அங்கே கணக்கில் நல்ல மாணவர் என்று பெயர் எடுத்தார். மூன்று முறை பரீட்சை எழுதிய பையன்தானா இவன் என்று கேட்கும்படி மாறிவிட்டார்.

அந்தக் காலத்தில் அவர் மனம் துறவறத்தை நாடியது. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாய் சம்மதிக்கவில்லை. சாமியார் ஆக முடியாவிட்டால் என்ன? நோயாளிகளுக்குத் தொண்டு செய்வதும் ஒரு துறவுதானே! சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர்ச் சட்டையால் வந்த வினை

அது காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம். அன்னியத் துணியை விட்டுப் பலரும் கதருக்கு மாறினார்கள். சுப்பாராவும் மாறினார். ஆபரேஷன் அறையில் அணியும் மேலங்கியைக்கூடக் கதரிலேயே தைத்துக்கொண்டார்.

வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை.

பரீட்சை முடிந்தது. எழுத்துத் தேர்வுகளை சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டந்தான் கிடைத்தது.

சர்க்கார் மருத்துவ இலாகாவில் வேலைக்கு முயன்றார். அதுவும் கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். மனித உடலின் அமைப்பைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் சொன்னார்.

இதற்கிடையில் 1919-ம் ஆண்டு அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

இந்த வாழ்க்கையின் நடுவில்தான் அந்த நோய் வந்தது.

அது என்ன நோய்?

அதன் ஆங்கிலப் பெயர் ஸ்ப்ரூ. நம் நாட்டு வைத்தியர்கள் கிராணி என்று சொல்லும் கழிச்சல் நோய்களோடு சேர்ந்தது. வெப்ப நாடுகளில் வரும் நோய்.

முதலில் பேதி. இன்று நிற்கும், நாளை நிற்கும் என்று பார்த்தால் வாரக் கணக்கில் நிற்காது. சோற்றில் இருக்கும் கொழுப்பு ஜீரணமாகாமல் அப்படியே வெளியே போகும். நாக்குச் சிவந்து புண்ணாகும். இரத்தம் வெளுக்கும். உடம்பு இளைக்கும்.

சுப்பாராவின் சகோதரர்கள் இருவரை இந்த நோய், சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. பிறகு சுப்பாராவையே பிடித்தது. அலோபதி வைத்தியம் பலிக்கவில்லை. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

தான் பிழைத்தது மகிழ்ச்சிதான். ஆனால் உடன்பிறந்தவர்கள் ஏன் செத்தார்கள்? தின்ற சோறு எங்கே போயிற்று? டாக்டருக்குப் படித்தவருக்கே இதற்குப் பதில் தெரியவில்லை. புத்தகங்களிலும் இல்லை.

பதில் எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

சோறு போகும் பாதை

அந்தக் கேள்வியின் அருமை தெரிய வேண்டுமானால், சோறு போகும் பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வாய்தான் முதல் வாசல். பற்கள் அரைக்கின்றன. எச்சில் சேர்கிறது. ஒரு நாளில் நம் வாயில் சுமார் 1 லிட்டர் எச்சில் ஊறுகிறது! எச்சில் சோற்றை நனைப்பதோடு நிற்பதில்லை. அதிலுள்ள ஒரு ரசம் மாவுச் சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகிறது. சோற்றை நன்றாக மென்றால் இனிப்பது இதனால்தான்.

அடுத்தது உணவுக் குழாய். சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். சோறு இதில் தானாக விழுவதில்லை. குழாயின் தசைகள் சுருங்கிச் சுருங்கி அதைத் தள்ளுகின்றன. சுரங்கத்தில் பட்டை ஓடுவது போல! தலைகீழாக நின்று விழுங்கினாலும் உணவு வயிற்றுக்கே போய்ச் சேரும்.

மூன்றாவது இரைப்பை. தோல் பை போன்றது. அதில் கடுமையான அமிலம் சுரக்கிறது. பருப்பு, முட்டை, மாமிசம் ஆகியவற்றில் உள்ள புரதச் சத்தை உடைக்கும் ரசமும் சுரக்கிறது. இரைப்பை மாவு பிசைவது போல உணவைப் பிசைகிறது. சில மணி நேரத்தில் சோறு கூழாகிவிடுகிறது. அந்த அமிலம் இரைப்பையையே அரிக்காமல் இருக்க, உட்புறம் முழுவதும் வழவழப்பான பூச்சு ஒன்று இருக்கிறது.

நான்காவது சிறுகுடல். பெயர்தான் சிறுகுடல், நீளமோ சுமார் 20 அடி! அகலம் குறைவாக இருப்பதால் அந்தப் பெயர். உண்மையான ஜீரணம் நடப்பது இங்கேதான். கல்லீரலிலிருந்து பித்த நீர் வருகிறது. அது எண்ணெயையும் நெய்யையும் சிறு சிறு துளியாகச் சிதறடிக்கிறது. கணையத்திலிருந்து வரும் நீர், மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கிறது. மாவு சர்க்கரையாகிறது. புரதமும் கொழுப்பும் இன்னும் சிறிய துணுக்குகளாகின்றன.

இனி இவை இரத்தத்தில் சேர வேண்டும். எப்படிச் சேரும்?

சிறுகுடலின் உட்புறம் வெல்வெட் துணி போல இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இலட்சக் கணக்கான சிறு விரல்கள் அதில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தக் குடல் விரல்கள்தான் சத்தை உறிஞ்சுகின்றன. விரலுக்குள்ளே மெல்லிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. சத்து அவற்றில் இறங்கி, கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து உடம்பெங்கும் போகிறது. கொழுப்பு மட்டும் வேறு வாய்க்கால் வழியாகச் சுற்றி வந்து இரத்தத்தில் கலக்கிறது.

மிச்சம் இருப்பது பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. சக்கை வெளியேறுகிறது. மின் நிலையத்துச் சாம்பல் போல!

ஸ்ப்ரூ நோய் தாக்குவது எதை? அந்தக் குடல் விரல்களை! விரல்கள் மழுங்கித் தேய்ந்துவிடுகின்றன. வெல்வெட், வெறும் துணி ஆகிவிடுகிறது. சோறு வருகிறது, கூழாகிறது, உறிஞ்ச ஆள் இல்லை. அப்படியே போய்விடுகிறது.

இதெல்லாம் இன்று தெரிந்த விஷயம். சுப்பாராவ் கப்பல் ஏறிய நாளில் இதில் பாதி தெரியாது.

மலச் சட்டி கழுவிய டாக்டர்

1922-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி சுப்பாராவ் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். பயணத்துக்கு மாமனார் பணம் திரட்டினார். காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்மம் உதவுவதாக வாக்களித்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிய படிப்பில் சேர்ந்தார். ஆனால் வயிறு கழுவ வேண்டுமே! இந்திய டாக்டர் பட்டத்துக்கு அங்கே மதிப்பு இல்லை. டாக்டராகத் தொழில் செய்ய முடியாது.

பாஸ்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரவு நேரச் சிப்பந்தி வேலை கிடைத்தது. நோயாளிகளின் மலச் சட்டியையும் மூத்திரச் சட்டியையும் கழுவும் வேலை. சென்னையில் மாணவர்களுக்குப் பாடம் சொன்ன டாக்டர், அந்த வேலையைச் செய்தார். இரவில் சட்டி கழுவுவார். பகலில் படிப்பார்.

படிப்பு முடிந்ததும் ஹார்வர்டிலேயே உடல் இரசாயன ஆராய்ச்சியில் சேர்ந்தார். அங்கே சைரஸ் பிஸ்கே என்ற விஞ்ஞானியுடன் வேலை செய்தார்.

இரத்தத்திலும் தசையிலும் பாஸ்பரஸ் என்ற பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு எளிய வழி இல்லை. இருவரும் ஒரு வழி கண்டார்கள். சில இரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் அதிகமானால் நீலமும் அதிகமாகும். நிறத்தைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம்! 1925-ல் வெளியான இந்த முறைக்கு பிஸ்கே–சுப்பாராவ் முறை என்று பெயர். மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் பெயர் அது.

உடம்பின் மின்சாரம்

அளக்கப் போன இடத்தில் ஒரு புதையல் கிடைத்தது.

தசையில் இருக்கும் பாஸ்பரஸ் தனியாக இல்லை. வேறொரு பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தசை வேலை செய்தால் அது பிரிகிறது. ஓய்வு எடுத்தால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. 1927-ல் இதை இருவரும் உலகுக்குச் சொன்னார்கள். அந்தப் பொருளுக்குப் பாஸ்போகிரியேட்டின் என்று பெயர்.

இரண்டே ஆண்டில் இன்னொரு புதையல். 1929-ல் ஏ.டி.பி. என்ற பொருளைத் தசையிலிருந்து பிரித்து எடுத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்ற விஞ்ஞானியும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

ஏ.டி.பி. என்பது என்ன? அதுதான் உடம்பின் மின்சாரம்!

நிலக்கரியை நேரே கொண்டுவந்து மின் விசிறியில் போட்டால் விசிறி சுற்றுமா? சுற்றாது. நிலக்கரி எரிந்து மின்சாரமாக மாறினால்தான் சுற்றும். சோறும் அப்படித்தான். சோற்றிலிருந்து வந்த சர்க்கரை, உடம்பின் கோடானுகோடி உயிரணுக்களில் மெல்ல எரிகிறது. மூச்சில் இழுக்கும் பிராண வாயு அதற்கு உதவுகிறது. அதில் வெளிப்படும் சக்தியால் பிறப்பது ஏ.டி.பி. கண் இமைப்பதற்கும் ஏ.டி.பி. வேண்டும். சிந்திப்பதற்கும் வேண்டும்.

இதை நிறையச் சேர்த்து வைக்கவும் முடியாது. தேவைப்படும்போதெல்லாம் உண்டாக்க வேண்டும். ஒரு மனிதன் ஒரு நாளில் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏ.டி.பி., ஏறக்குறைய அவன் எடை அளவு இருக்கும்! அந்தப் பாஸ்போகிரியேட்டின் என்பது, அவசரத்துக்கு வைத்திருக்கும் பாட்டரி.

மூன்று முறை மெட்ரிகுலேஷன் எழுதிய பையன் இதைக் கண்டுபிடித்தான்.

1930-ல் ஹார்வர்டு அவருக்கு டாக்டர் பட்டம் தந்தது. ஆனால் நிரந்தரப் பதவி தரவில்லை. கண்டுபிடிப்பைப் பற்றி மேடையில் பேசுவதையும், பெயருக்காக முன்னால் நிற்பதையும் சுப்பாராவ் விரும்பியவர் அல்ல. மற்றவர்கள் முன்னால் நின்றார்கள். அவர் பின்னால் நின்றார்.

ஈரலில் ஒளிந்த மருந்து

அவர் மனத்தில் பழைய கேள்வி அப்படியே இருந்தது. உடன்பிறந்தவர்கள் ஏன் செத்தார்கள்?

இதற்கிடையில் நம் நாட்டிலேயே ஒரு துப்புக் கிடைத்திருந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிப் பெண்கள் பலர் இரத்தம் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் என்ன என்று ஆராய்ந்தார். நீலகிரியில் உள்ள குன்னூரிலும் சில மாதங்கள் தங்கி ஆராய்ச்சி செய்தார். ஈஸ்டிலிருந்து எடுத்த மலிவான சாறு ஒன்றைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அந்தச் சாற்றில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது. அது என்ன?

ஈரலிலும் அப்படி ஒரு சத்து இருப்பது தெரிந்தது. 1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் 4 டன் பசலை வகைக் கீரையை அரைத்துச் சாறு எடுத்து, கடைசியில் துளியளவு பொருளைப் பிரித்தார்கள். இலையிலிருந்து வந்ததால் அதற்குப் போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். போலியம் என்றால் இலத்தீன் மொழியில் இலை.

நான்கு டன் கீரைக்குத் துளி மருந்து! எத்தனை நோயாளிகளுக்குக் கொடுக்க முடியும்? கீரை இல்லாமலே அதைச் செய்ய வேண்டும்.

1940-ல் சுப்பாராவ் நியூயார்க் அருகே உள்ள லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். பல விஞ்ஞானிகள் அவர் கீழ் வேலை செய்தார்கள். ஈரலை உருக்கி வடித்துச் சத்தைத் தனியாக எடுத்தார்கள். அதன் அமைப்பைக் கண்டார்கள். 1945-ல் இரசாயன முறையிலேயே போலிக் அமிலத்தைச் செய்துவிட்டார்கள்!

மருந்து நோயாளிகளிடம் போயிற்று. ஸ்ப்ரூ நோயால் படுத்த படுக்கையாக இருந்தவர்களுக்குச் சில நாட்களிலேயே பசி எடுத்தது. நாக்குப் புண் ஆறியது. இரத்தம் ஊறியது.

இது எப்படி நடந்தது?

குடல் விரல்களின் மேல்தோல் சில நாட்களுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாக வளர்கிறது. இரத்த அணுக்களும் ஓயாமல் புதிதாகப் பிறக்கின்றன. புதிய உயிரணு பிறக்கப் போலிக் அமிலம் வேண்டும். ஸ்ப்ரூ நோயில் குடல், போலிக் அமிலத்தை உறிஞ்சவில்லை. போலிக் அமிலம் இல்லாததால் குடல் மேலும் கெடுகிறது. கெட்ட குடல் இன்னும் குறைவாக உறிஞ்சுகிறது. செக்குமாடு சுற்றுவது போன்ற இந்தச் சுற்றை மருந்து அறுத்துவிட்டது.

தன் சகோதரர்கள் இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகு, சுப்பாராவ் தம் கேள்விக்குப் பதில் கண்டார்.

ஒன்றன்பின் ஒன்றாக

அதோடு அவர் நிற்கவில்லை.

பாஸ்டனில் சிட்னி பார்பர் என்ற டாக்டர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தார். போலிக் அமிலம் புதிய உயிரணுவை வளர்க்கிறது. அப்படியானால் அதைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கொடுத்தால் புற்றுநோய் அணு வளராமல் நிற்குமே! சுப்பாராவின் கூடம் அப்படிப்பட்ட பொருள்களைச் செய்து கொடுத்தது. அமினோப்டெரின் என்பது அவற்றில் ஒன்று. சாவை எதிர்பார்த்துக் கிடந்த குழந்தைகளில் சிலர் எழுந்து விளையாடினார்கள். நோய் திரும்பியது உண்மை. ஆனால் மருந்தினால் இரத்தப் புற்றுநோயை அடக்க முடியும் என்பது 1948-ல் தெரிந்தது. அந்த வழியில் வந்த மெதோட்ரெக்சேட் இன்றும் டாக்டர்கள் கையில் இருக்கிறது.

யானைக்கால் நோய்க்கு மருந்து கண்டதும் அதே கூடந்தான். 1947-ல் வெளிவந்த ஹெட்ரசான் என்ற மருந்து அது. கொசுவினால் பரவும் அந்த நோய் தமிழ் நாட்டிலும் பலரைப் பிடித்திருந்தது. நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்திலும், நோயை ஒழிப்பதற்காகப் பிற்காலத்தில் வீடு வீடாக மக்களுக்குக் கொடுத்த மாத்திரை அதுதான்.

பிறகு மண்ணிலிருந்து ஒரு மருந்து! பெஞ்சமின் டக்கர் என்ற முதிய விஞ்ஞானி, சுப்பாராவின் கூடத்தில் மண் மாதிரிகளை ஆராய்ந்தார். ஒரு மண்ணில் பொன் நிற நுண்ணுயிர் ஒன்று வளர்ந்தது. அதிலிருந்து கிடைத்த மருந்து பல வகைக் கிருமிகளைக் கொன்றது. 1948-ல் ஆரியோமைசின் என்ற பெயரில் அது வெளிவந்தது. டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தில் அதுவே மூத்தது.

இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. ஸ்ப்ரூ நோயாளிக்கு டாக்டர்கள் கொடுத்துவரும் மருந்துகள் இரண்டு. ஒன்று போலிக் அமிலம். மற்றொன்று டெட்ராசைக்ளின். குடலை வளர்ப்பது ஒன்று. குடலில் குடியேறிய கிருமியைக் கொல்வது மற்றொன்று. சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு இரண்டு பக்கமும் அணை கட்டியது ஒரே கூடம்!

திரும்பாத பயணம்

சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றுதான் சுப்பாராவ் 1922-ல் கப்பல் ஏறினார். இளம் மனைவி வழி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு பிறந்த ஆண் குழந்தை, தந்தையின் முகத்தைப் பார்க்காமலே இறந்துபோயிற்று.

ஆண்டுகள் ஓடின. ஓர் ஆராய்ச்சி முடிந்தால் அடுத்தது. இந்த மருந்து முடியட்டும், அந்த மருந்து முடியட்டும் என்று நாள் தள்ளிப்போயிற்று. நாடு 1947-ல் விடுதலை அடைந்தது. அப்போதும் அவர் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் இருந்தார்.

1948 ஆகஸ்டு மாதம். இரவில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. வயது 53.

அவர் பிறந்த மண்ணை மறுபடி மிதிக்கவே இல்லை. உலகத்துக்கு மருந்து கொடுத்தவர், தன் வீட்டுக்கு ஓர் ஆறுதலும் கொடுக்காமல் போய்விட்டார். பெருமையோடு சேர்த்து இதையும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும். அந்த மருந்துகளுக்கு ஒரு பெண்ணும் 26 ஆண்டுகள் விலை கொடுத்தார்.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பிறந்து நூறு ஆண்டு நிறைந்த 1995-ல் இந்திய சர்க்கார் அவர் படத்தைப் போட்டுத் தபால் தலை வெளியிட்டது.

ஒரு சிறு மாத்திரை

சுப்பாராவ் கண்களை மூடியபோது நெய்வேலியில் சுரங்கம் இல்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிறப் பொருள் வெளியே வந்தது. அதன் மகிமை அப்போது முழுவதும் தெரியவில்லை. 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது.

பூமிக்குள் இருந்த நிலக்கரி எத்தனையோ காலமாக அங்கேதான் இருந்தது. அதை மின்சாரமாக்கும் வழி தெரிந்த பிறகுதான் விளக்கு எரிந்தது. சோற்றிலும் கீரையிலும் இருக்கும் சத்தும் ஆதி நாள் முதல் அங்கேதான் இருக்கிறது. அது உடம்பில் சேரும் வழியைத் தேடிப் போனவர்களில் ஒருவர் சுப்பாராவ்.

நெய்வேலியிலும் சரி, பக்கத்துக் கிராமங்களிலும் சரி, கர்ப்பிணிப் பெண்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். இரும்புச் சத்து மாத்திரை என்று நாம் சொல்கிறோம். அதில் இரும்பு மட்டும் இல்லை. போலிக் அமிலமும் இருக்கிறது. தாயின் இரத்தம் ஊறவும், வயிற்றிலுள்ள குழந்தையின் மூளையும் முதுகுத் தண்டும் ஒழுங்காக வளரவும் அது வேண்டும். கசக்கிறது, குமட்டுகிறது என்று சிலர் அதை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுகிறார்கள்.

எறிய வேண்டாம். அந்த மாத்திரைக்குப் பின்னால் நகையை விற்ற ஒரு தாய் இருக்கிறார். சட்டி கழுவிய ஒரு டாக்டர் இருக்கிறார். சோறு இருந்தும் பசியால் செத்த சகோதரர் இருவர் இருக்கிறார்கள்.

அடுப்படியில் மலிவாகக் கிடைக்கும் கீரையிலும் பயறு வகைகளிலும் அதே சத்து இருக்கிறது. அளவுக்கு மேல் வேக வைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதில் பாதி போய்விடும். அளவாக வேக வைத்து, தண்ணீரோடு சேர்த்துச் சாப்பிட்டால் தொழிலாளியின் சாப்பாட்டுப் பாத்திரத்தில் இருக்கும் அந்தக் கொஞ்சம் கீரையே பெரிய மருந்து.